நாக்ஸ் லைட், எஸ்பிஎன் 4364: சென்சார் மாத்துறதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்?

#1 சங்ககிரி12வீல்

வணக்கங்க. 12 வீல் டாரஸ், பிஎஸ்6, 2021 மாடல். எஸ்சிஆர் (சைலன்சர்ல யூரியா தெளிச்சு நாக்ஸ்ங்கற நச்சு வாயுவைக் குறைக்கறது), டிபிஎஃப் (கரியைப் பிடிக்கற ஃபில்டர்) ரெண்டும் இருக்கு. கிலோமீட்டர் 3.4 லட்சம். செக் லைட் முதல்ல வந்து வந்து போச்சு, இப்ப அணையறதே இல்லை. லோடோட மேடு ஏறினா பிக்கப் செத்துப் போகுது. ஸ்கேனர்ல வந்த கோடு (எஸ்பிஎன்னா எந்த இடம், எஃப்எம்ஐன்னா என்ன மாதிரி கோளாறு):

எஸ்பிஎன் 4364 எஃப்எம்ஐ 18, ஆக்டிவ்
எஸ்பிஎன் 3226 எஃப்எம்ஐ 2, பழசு
எஸ்பிஎன் 5246, ஆக்டிவ்

ரெண்டு நாக்ஸ் சென்சாரும் மாத்தணும், அப்பவும் லைட் போகலைன்னா டோசர்னு (யூரியா தெளிக்கற பாகம்) ஒர்க்‌ஷாப்ல சொல்றாங்க. எஸ்டிமேட் எண்பதாயிரத்தைத் தாண்டுது. எதுல ஆரம்பிக்கறதுங்க?

#2 ஸ்கேனர்பெட்டி

முதல் வேலை, கோடை யாரும் கிளியர் பண்ணாம பார்த்துக்குங்க. ஃப்ரீஸ் ஃப்ரேமை (கோடு விழுந்த நேரத்துல பதிவான ரீடிங்) போட்டோ எடுத்து வைங்க. அந்த நேரத்துல சைலன்சர் டெம்பரேச்சர், இன்ஜின் லோடு, ரெண்டு சென்சாரோட பிபிஎம், யூரியா லெவல் எல்லாம் அதுல இருக்கும். கிளியர் அடிச்சா அத்தனையும் போயிடும்.

அடுத்தது, 4364 சென்சார் கோடே இல்லை. எஸ்சிஆருக்கு முன்னாடி இருக்கற சென்சார் (3216) எவ்வளவு நாக்ஸ் உள்ள வருதுன்னு சொல்லும். பின்னாடி இருக்கறது (3226) எவ்வளவு வெளிய போகுதுன்னு சொல்லும். ஈசிஎம் (இன்ஜின் கம்ப்யூட்டர்) ரெண்டையும் கழிச்சுப் பார்த்து, "எதிர்பார்த்த அளவு குறையலை"னு முடிவு பண்ணினா 4364 போடும். ஓபிடி ஸ்கேனர்ல இதுவே பி20இஇ-ன்னு வரும். அதனால காரணம் இந்த ஆறுல எதுவா வேணா இருக்கலாம்:

தண்ணி கலந்த யூரியா. டோசர் முனை அடைச்சு ஸ்ப்ரே சரியா வராதது. பம்ப் பிரஷர் இறங்கினது (பாஷ் 2.2 சிஸ்டம்னா 9 பார் நிக்கணும்). சைலன்சர் கிளாம்ப்ல லீக். சென்சார் தப்பா படிக்கறது. கடைசியா, எஸ்சிஆருக்குள்ள நாக்ஸைக் குறைக்கற கேட்டலிஸ்டே செத்தது.

இன்னொரு விஷயம் பல பேர் கவனிக்கறதில்லை. நாக்ஸ் சென்சாருக்கு அமோனியாவையும் நாக்ஸையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. டோசர் ஒழுகி யூரியா அதிகமா போனாலும் பின்னாடி சென்சார் அந்த அமோனியாவை நாக்ஸ்னே எண்ணும். குறைவா போனாலும் 4364, கூடுதலா போனாலும் 4364.

சென்சாரை சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கு. லேப்டாப்ல ரெண்டு பிபிஎம்மையும் ஓடவிட்டு, வண்டி நல்லா சூடான பிறகு ஒரு நீளமான இறக்கத்துல கியர்ல வச்சு ஆக்சிலேட்டரை முழுசா விடுங்க. டீசல் கட் ஆகி, இன்ஜின் வெறும் காத்தைத்தான் தள்ளும். அப்ப ரெண்டும் பூஜ்யத்தை ஒட்டி வரணும். ஒண்ணு மட்டும் 60, 80னு அசையாம நின்னா அது போச்சு. ரெண்டும் இறங்கி வந்தா, சென்சார் வாங்கற காசை பாக்கெட்லயே வச்சுக்கிட்டு மத்ததைத் தேடுங்க.

#3 ஓரம்போ

5246ங்கறது கோளாறு இல்லைங்க, தண்டனை. பவரைக் குறைக்கற நிலைக்கு வண்டி போயிடுச்சுன்னு அர்த்தம். யூரியா தரம் சரியில்லைன்னு ஈசிஎம் முடிவு பண்ணினா 10 இன்ஜின் மணி நேரத்துல டார்க்கை 25 சதவீதம் குறைக்கும். 20 மணி நேரம் ஆச்சுன்னா, அடுத்து வண்டி நின்னு கிளம்பறப்ப வேகம் 20 கிலோமீட்டர்தான். சென்சாரைக் கழட்டி விட்டாலோ வயர் அறுந்தாலோ கெடு கொஞ்சம் நீளம், 36 மணி, 100 மணி. சும்மா கிளியர் அடிச்சா கணக்கு முதல்ல இருந்து ஆரம்பிக்கும்னு நினைக்காதீங்க. அதே கோளாறு சீக்கிரமே திரும்பி வந்தா விட்ட இடத்துல இருந்துதான் எண்ணும். லோடு ஏத்தறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பார்த்துக்குங்க, 20ல வண்டியை உருட்டிக்கிட்டு தொப்பூர் இறங்கற நிலை வேண்டாம்.

#4 கரும்புகை

இவ்வளவு எதுக்கு? எமுலேட்டர் (எல்லாம் சரியா இருக்குன்னு ஈசிஎம்மை ஏமாத்தற பெட்டி) ஒண்ணு மாட்டி, யூரியா லைனைக் கழட்டிப் போட்டா முடிஞ்சது. யூரியா செலவும் மிச்சம். பியுசில எப்படியும் மாட்டாது.

#5 ஸ்கேனர்பெட்டி

பியுசில மாட்டாதுங்கறது உண்மைதான். டீசல் வண்டிக்கு அங்க பார்க்கறது புகை அடர்த்தி மட்டும், நாக்ஸ் அளக்கறதே இல்லை. ஆனா மோட்டார் வாகனச் சட்டம் 2019 திருத்தத்துல 182ஏ(4) இருக்கு. வண்டியை அனுமதி இல்லாம மாத்தினா, ஒவ்வொரு மாத்தத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், இல்லை ஆறு மாசம் வரை சிறை, இல்லை ரெண்டும். இது டிரைவர் தலையில விழாது, ஓனர் தலையிலதான் விழும்.

சட்டத்தை விடுங்க, தொழில் கணக்கே பாருங்க. எமுலேட்டர் செய்யறது பொய்யான கேன் மெசேஜ் (ஈசிஎம்மும் சென்சாரும் பேசிக்கற வயர் லைன்ல போற சிக்னல்) அனுப்பறது, அவ்வளவுதான். டீலர் ஒரு சாஃப்ட்வேர் அப்டேட் போட்டா அன்னைக்கே சிக்கிக்கும். யூரியா ஓடாம கிடந்தா பம்புக்குள்ள காய்ஞ்சு கல்லாயிடும், திரும்ப ஒரிஜினலுக்கு வரணும்னா பம்பும் சேர்த்து வாங்கணும். விக்கறப்ப லேப்டாப் போட்டுப் பார்க்காம இப்ப யாரும் பிஎஸ்6 வண்டி எடுக்கறதில்லை.

#6 யூரியாமீட்டர்

ஓனர் அண்ணா, எதையும் கழட்டறதுக்கு முன்னாடி யூரியாவை அளங்க. யூரியாவுக்குன்னே ரிஃப்ராக்டோமீட்டர் வருது, மூவாயிரத்துக்குள்ள கிடைக்கும். டேங்க்ல இருந்து ஒரு சொட்டு எடுத்து கண்ணாடியில விட்டு வெளிச்சத்துல பாருங்க. யூரியா 32.5 சதவீதம் இருக்கணும். ஐஎஸ்ஓ 22241 அனுமதிக்கறது 31.8 முதல் 33.2 வரை. முதல்ல டிஸ்டில்டு வாட்டர் விட்டு பூஜ்யம் வச்சுக்குங்க. ஏற்கெனவே டேங்க்ல இருக்கறதை அளக்கறது ஒரு வேலை, புதுசா ஊத்தப் போற கேனை அளக்கறது இன்னொரு வேலை. ரெண்டும் வேணும்.

ஆனா 32.5 காட்டினாலே நல்ல சரக்குன்னு ஆகிடாது. உர மூட்டையை குழாய்த் தண்ணியில கரைச்சு சரியா 32.5 கொண்டு வந்து விக்கறவங்க இருக்காங்க. நம்ம ஊர் உர யூரியா 2015ல இருந்து முழுக்க வேப்பெண்ணெய் தடவித்தான் வருது. அதுல பையூரெட்ங்கற அசுத்தம் 1.5 சதவீதம் வரை இருக்கலாம், டீசல் வண்டி யூரியால 0.3க்கு மேல ஆகாது. குழாய்த் தண்ணில கால்சியம் இருக்கு; வண்டி யூரியால அதுக்கு வரம்பு கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், போர் தண்ணில அது நூறு மடங்குக்கும் மேல சாதாரணமா இருக்கும். இந்தக் கால்சியம் ஆவியா போகாது. கேட்டலிஸ்ட் ஓட்டைகள்ல உக்காந்துடும், அப்புறம் எடுக்கவே முடியாது. மானிய யூரியாவை இதுக்குத் திருப்பி விடறது உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றமும் கூட.

வெள்ளை டம்ளர்ல ஊத்திப் பாருங்க. நல்லது தண்ணி மாதிரி தெளிவா இருக்கும், லேசா அமோனியா வாடை மட்டும் வரும். கலங்கலா இருந்தாலோ, எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, குலுக்கினா நுரை நிக்கறதா இருந்தாலோ ஊத்தாதீங்க.

லூஸ் யூரியா ஊத்தினா மிச்சம் எவ்வளவுன்னும் சொல்லிடறேன். மாசம் 8,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 4 கொடுக்கற வண்டின்னா 2,000 லிட்டர் டீசல். யூரியா அதுல 5 சதவீதம்னு வச்சா 100 லிட்டர். லிட்டருக்கு இருபது ரூபாய் மலிவா வாங்கினா மாசம் ரெண்டாயிரம் மிச்சம். கேட்டலிஸ்ட் பெட்டி லட்சக்கணக்குல.

#7 சங்ககிரி12வீல்

ரொம்ப நன்றிங்க. யூரியா எப்பவும் கேன்தான், ஆனா ரூட்ல தீர்ந்தா டிரைவர் லூஸ்ல ஊத்திக்கறது உண்டு. மீட்டர் வாங்கி அளந்துட்டு சொல்றேன். 3226 எஃப்எம்ஐ 2 பழசா கிடக்கே, அதை விட்டுடலாமா?

#8 வயரிங்காரன்

விட்டுடாதீங்க தம்பி. எஃப்எம்ஐ 2ன்னா ரீடிங் தாறுமாறா வருதுன்னு அர்த்தம். வந்து போய் பழசா கிடந்தா பெரும்பாலும் கப்ளர், வயர், எர்த்து. எஃப்எம்ஐ 9 வந்தா சென்சார்ல இருந்து மெசேஜே வரலை, அப்ப கோளாறு சப்ளைல, இல்லைன்னா கேன் லைன்ல.

கேன் லைனைப் பார்க்க, சாவி ஆஃப் பண்ணி, பேட்டரி கட்-ஆஃபும் போட்டுட்டு, ஓபிடி கப்ளர்ல 6ஆம் பின்னுக்கும் 14ஆம் பின்னுக்கும் நடுவுல ஓம்ஸ் வைங்க. 60 ஓம் வரணும். ரெண்டு முனையிலயும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கறதால இந்தக் கணக்கு. 120 வந்தா ஒரு பக்கம் அறுந்திருக்கு. 60க்கு ரொம்ப கீழ வந்தா எங்கயோ ஷார்ட், இல்லைன்னா ஜிபிஎஸ்காரன் தேவையில்லாத ரெசிஸ்டரோட எதையாவது கோத்திருக்கான். சில மாடல்ல இன்ஜின் கேன் வேற பின்ல வரும், வயரிங் படம் பார்த்துக்குங்க.

அப்புறம் சென்சார் மாடியூல் கப்ளரைக் கழட்டி சப்ளை பாருங்க. வெறும் மீட்டர் வச்சா 24 காட்டும், ஏமாந்துடாதீங்க. சென்சார் உள்ள இருக்கற ஹீட்டர் செராமிக்கை 800 டிகிரி வரை சூடாக்குது, நல்லா கரண்ட் இழுக்கும். அதனால ஒரு 24 வோல்ட் 21 வாட் பல்பை அந்த ரெண்டு பின்ல மாட்டி, எரியறப்ப வோல்ட் பாருங்க. பேட்டரியை விட ஒரு வோல்ட்டுக்கு மேல குறைஞ்சா எர்த்து போல்ட்டையும் ஃபியூஸ் ஹோல்டரையும் சுத்தம் பண்ணுங்க. பின்ல பச்சை பூத்திருந்தா வாட்டர் சர்வீஸ்ல கன்னை நேரா அங்க அடிச்சிருக்காங்க.

வயரை வெட்டி ஒட்ட நினைக்காதீங்க. முனையும் மாடியூலும் ஒண்ணுக்கொண்ணு காலிபரேட் பண்ணின ஜோடி, நடுவுல இருக்கற வயரை நீளம் மாத்தினாலே ரீடிங் கெடும். பாடி பில்டிங்ல வெல்டிங் வச்சா பேட்டரி ரெண்டு முனையும், ஈசிஎம் கப்ளரும், நாக்ஸ் கப்ளர் ரெண்டும் கழட்டணும். எர்த்து கிளாம்ப் வெல்டு வைக்கற இடத்துலயே இருக்கணும். நாமக்கல் பட்டறைகள்ல பேட்டரி நெகடிவ் மட்டும் கழட்டிட்டு வேலையை ஆரம்பிக்கறாங்க, அது பத்தாது.

#9 கரும்புகை

மெக்கானிக் ஷெட்ல லைட்டர் நெருப்பு காட்டி சென்சாரை கிளீன் பண்றாங்களே, அது?

#10 வயரிங்காரன்

சுத்த ஏமாத்து. கரி படிஞ்சது வெளிக்கூட்டுல. அளக்கற பாகம் உள்ள செராமிக் அடுக்குகள்ல இருக்கு. பெட்ரோல், கார்ப் கிளீனர் அடிச்சா அது இன்னும் சீக்கிரம் போகும். ஈரம் பட்டா செராமிக் விரிசல் விடும். அதனாலதான் சைலன்சர்ல தண்ணி ஆவியாகி முடியற வரைக்கும் ஈசிஎம் ஹீட்டரையே போடாது.

#11 சங்ககிரி12வீல்

அளந்தாச்சுங்க. டேங்க்ல 27. வச்சிருந்த கேன் 32.5. இறக்கத்துல விட்டுப் பார்த்ததுல முன்னாடி சென்சார், பின்னாடி சென்சார் ரெண்டுமே ஒற்றை இலக்கத்துக்கு வந்துடுச்சு. பின்னாடி சென்சார் கப்ளர்ல ஒரு பின் பச்சையா இருந்தது. டோசர் மாட்டின இடத்துல சுத்தி வெள்ளையா உப்பு மாதிரி வழிஞ்சு கட்டியிருக்கு, டர்போல இருந்து வர்ற ஃபிளெக்சிபிள் பைப் கிளாம்ப்லயும் கரி பிடிச்சிருக்கு. இனி?

#12 ஸ்கேனர்பெட்டி

சென்சார் ரெண்டும் பிழைச்சுது. இனி இந்த வரிசையில போங்க.

டேங்க் முழுக்க இறக்குங்க, அடியில கசடு இருக்கும், டிஸ்டில்டு வாட்டர் ஊத்தி ஒரு அலசு. குழாய்த் தண்ணி வேண்டாம். இறக்கின யூரியாவைத் திரும்ப ஊத்தாதீங்க, நல்ல யூரியாவைக் கலந்து சரி பண்ணலாம்னும் பார்க்காதீங்க. பம்ப் ஃபில்டரை இப்பவே மாத்துங்க, லூஸ் யூரியா போன டேங்க்ல அதை நம்பக் கூடாது.

கிளாம்ப்ல கரி இருந்தா கேஸ்கட்டோட புது கிளாம்ப். அந்த லீக்கைச் சின்னதா நினைக்காதீங்க. சூடு கொஞ்சம் வெளிய போனாலும் எஸ்சிஆர் தேவையான டெம்பரேச்சருக்கு வராது. சுமார் 200 டிகிரிக்குக் கீழ யூரியாவே அடிக்காது.

டோசரைக் கழட்டி, முனை மட்டும் முங்கற மாதிரி வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டர்ல ஊற வைங்க. எலெக்ட்ரிக் கப்ளர் பக்கம் நனையக் கூடாது. வெள்ளைப் படிவம் தானா கரைஞ்சு போயிடும். கம்பி பிரஷ், ஊசி எதுவும் வேண்டாம், அந்த ஓட்டை அளவு மாறினா ஸ்ப்ரே ஒரு பக்கமா போய் பைப் சுவத்துல அடிச்சு மறுபடி கட்டும். திரும்ப மாட்டறப்ப புது கேஸ்கட், போல்ட்டை மேனுவல்ல சொன்ன டார்க்குக்கு.

மாட்டறதுக்கு முன்னாடியே ஸ்கேனர்ல டோசிங் டெஸ்ட் போட்டு, முனையை ஒரு அளவு ஜாடிக்குள்ள காட்டிப் பிடிங்க. ரெண்டு தடவை பிடிச்சு, மேனுவல் சொல்ற மில்லி லிட்டரோட ஒப்பிடுங்க. டெஸ்ட் முடிஞ்ச பிறகும் முனையில சொட்டிக்கிட்டே இருந்தா டோசர் மாத்தத்தான் வேணும்.

பைப்புக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. உள்ள இருக்கற வெள்ளைக் கட்டி தண்ணில கரையாம கல்லு மாதிரி இருந்தா அது சயனூரிக் அமிலம். தண்ணிக்கு மசியாது, சூட்டுலதான் போகும். எல்லாம் மாட்டின பிறகு ஒரு பார்க்டு ரீஜென் (வண்டியை நிறுத்தி வச்சு, சைலன்சரைச் சூடாக்கி டிபிஎஃப் கரியை எரிக்கறது) போட்டா போகும், ரொம்ப அடைச்சிருந்தா கழட்டித்தான் எடுக்கணும்.

கடைசியா ஸ்கேனர்ல யூரியா குவாலிட்டி ரீசெட், எஸ்சிஆர் எஃபிஷியன்சி டெஸ்ட். அப்புறம் லோடோட ஒரு அரை மணி நேரம், எஸ்சிஆர் டெம்பரேச்சர் 300க்கு மேல நிக்கற மாதிரி ஓட்டுங்க. காலி வண்டியில ஊருக்குள்ள சுத்தினா டெஸ்ட் முடியாது, லைட்டும் அணையாது.

#13 யூரியாமீட்டர்

டோசர்ல உப்பு கட்டறதுக்கு முக்கியக் காரணத்தை யாரும் சொல்லலையே. சாவியை ஆஃப் பண்ணின கையோட டிரைவர்கள் பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச்சையும் தட்டிடறாங்க. சாவி ஆஃப் ஆன பிறகு பம்ப் லைன்ல மிச்சம் இருக்கற யூரியாவைத் திரும்ப டேங்க்குக்கு உறிஞ்சும். ர்ர்ர்னு ஒரு சத்தம் வரும். அது நிக்கற வரைக்கும், ரெண்டு மூணு நிமிஷம், கட்-ஆஃபைத் தொடக் கூடாது. தொட்டா முனையில நின்ன யூரியா அங்கயே காய்ஞ்சு கட்டும். கேபின்ல ஒரு ஸ்டிக்கர் ஒட்டி விடுங்க.

கேனை வெயில்ல வைக்காதீங்க. 25 டிகிரில ஒன்றரை வருஷம் தாங்கற யூரியா 35 டிகிரில ஆறு மாசம்தான். தார்ப்பாய் வைக்கற தகரப் பெட்டிக்குள்ள சித்திரை மாசம் வச்சா அதையும் நம்ப முடியாது. டீசல் ஊத்தின புனல்ல யூரியா ஊத்தறதும் கூடாது, கொஞ்சூண்டு டீசல் போனாலே பம்ப் ரப்பர் உப்பிடும்.

#14 பில்கணக்கு

எமிஷன் பாகத்துக்கு 7 லட்சம் கிலோமீட்டர் இல்லைன்னா 7 வருஷம் கம்பெனி பொறுப்புன்னு பிஎஸ்6 விதியில இருக்கே. இந்த வண்டி உள்ளதானே வருது? கிளெய்ம் போடலாமே.

#15 ஸ்கேனர்பெட்டி

அந்த 7 லட்சம், 16 டன்னுக்கு மேற்பட்ட வண்டி மாடலுக்கு அப்ரூவல் வாங்கறப்ப கம்பெனி நிரூபிக்க வேண்டிய ஆயுள். உங்க கையில இருக்கற வாரண்டி அது இல்லை. வாரண்டி புக்ல "எமிஷன் வாரண்டி"ன்னு தனிப் பக்கம் இருக்கான்னு பாருங்க, அதுல எழுதினது மட்டும்தான் செல்லும். நாக்ஸ் சென்சாரைச் சில கம்பெனிகள் தேய்மானப் பாகம் மாதிரி குறைஞ்ச காலத்துக்குத்தான் போடுது. எதுவா இருந்தாலும் லூஸ் யூரியான்னு லேப் ரிப்போர்ட் வந்தா கிளெய்ம் அடிபட்டுப் போகும். யூரியா கேன் பில், பேட்ச் நம்பர் போட்டோ வச்சுக்கறது இதுக்குத்தான்.

விலை பத்தி ஒரு வார்த்தை. ஒரிஜினல் நாக்ஸ் சென்சார் மாடலைப் பொறுத்து இருபதாயிரத்துல இருந்து நாப்பதாயிரம் வரை போகுது. 2025 செப்டம்பர் 22ல இருந்து உதிரிபாக ஜிஎஸ்டி 28ல இருந்து 18 ஆயிடுச்சு, பழைய எஸ்டிமேட்டைக் காட்டி பேசினா புது பில் கேளுங்க. பாதி விலைக்கு ஆன்லைன்ல வர்றது பல சமயம் பழைய மாடியூலை பெயின்ட் அடிச்சு புது முனை மாட்டினது. வாங்கறப்ப பார்ட் நம்பரோட கடைசி எழுத்து வரைக்கும் ஒத்துப் போகணும், முன்னாடி பின்னாடி சென்சார் பார்க்க ஒண்ணு போல இருந்தாலும் உள்ள அட்ரஸ் வேற.

#16 டேங்கர்லைன்

இடையில ஒரு கேள்விங்க. கேஸ் டேங்கர் ஓட்டறவங்களுக்கு டிபிஎஃப் லைட் வந்தா பிளான்ட்டுக்குள்ள ரீஜென் போட முடியாது. ரீஜெனைத் தடுக்கற இன்ஹிபிட் சுவிட்ச் எப்பவும் அமுக்கியே வச்சிருக்காங்க டிரைவர்கள். அதனால எஸ்பிஎன் 3251 (டிபிஎஃப் பிரஷர் கோடு) வந்துக்கிட்டே இருக்கு.

#17 ஓரம்போ

அதான் காரணமே. பிளான்ட் கேட்டுக்குள்ள நுழையறப்ப இன்ஹிபிட் போடணும், வெளிய வந்த உடனே எடுக்கணும். ஆக்டிவ் ரீஜென்ல டிபிஎஃப் 550, 600 டிகிரி போகும், சைலன்சர் வாயில வர்ற காத்தே காய்ஞ்ச புல்லைப் பத்த வைக்கும், உள்ள போடறது நினைச்சே பார்க்கக் கூடாத விஷயம். ஆனா எப்பவும் அமுக்கியே வச்சா கரி ஏறிக்கிட்டே போகும். ஒரு கட்டத்துக்கு மேல ஈசிஎம் பார்க்டு ரீஜெனுக்கே அனுமதி கொடுக்காது, ஏன்னா அவ்வளவு கரி ஒண்ணா எரிஞ்சா ஃபில்டர் உருகிடும். அப்புறம் கழட்டி கிளீனிங்தான்.

3251க்கு ரீஜென் போடறதுக்கு முன்னாடி, டிபிஎஃப்ல இருந்து பிரஷர் சென்சாருக்குப் போற ரெண்டு பைப்பைப் பாருங்க. சாவி ஆன், இன்ஜின் ஆஃப்ல ரீடிங் பூஜ்யம் இருக்கணும். இல்லைன்னா சென்சார். பூஜ்யம் இருந்து, ஸ்டார்ட் பண்ணினா தப்பா வந்தா ரப்பர் ஹோஸ் விரிசல், ஸ்டீல் பைப்ல கரி கலந்த தண்ணி அடைப்பு, இல்லைன்னா ரெண்டு ஹோஸும் இடம் மாறி மாட்டினது.

இன்ஜின் ஆயில் கேனையும் திருப்பிப் பாருங்க. சிகே-4 கிரேடு இல்லாம பழைய சிஐ-4 பிளஸ் கிரேடு ஊத்தியிருந்தா சாம்பல் அதிகம். கரி ரீஜென்ல எரியும், சாம்பல் எரியாது.

#18 டேங்கர்லைன்

ஆயில் சிஐ-4 பிளஸ்தான் ஓடிட்டு இருக்கு. மாத்திடறோம். டிபிஎஃப்பை வாட்டர் சர்வீஸ் கன்ல கழுவலாமா?

#19 ஓரம்போ

வேண்டாம். அந்த பிரஷருக்கு உள்ள பூசின கேட்டலிஸ்ட் பெயர்ந்துடும், கோரைச் சுத்திப் பிடிச்சிருக்கற மேட் உறையும் கரைஞ்சு கோர் ஆட ஆரம்பிச்சுடும். பின்பக்கத்துல இருந்து காத்து விட்டு சுத்தம் பண்ற மெஷின் வச்சிருக்கற இடத்துல கொடுங்க. கொடுக்கறதுக்கு முன்னாடி எடை போட்டுக்குங்க, வாங்கறப்பவும் எடை போடுங்க. எடை குறையலைன்னா வேலையே நடக்கலை. முன்பக்கம் பின்பக்கம் அம்புக்குறி போட்டு வைங்க, கிளாம்ப் கேஸ்கட் ரெண்டும் புதுசு.

#20 சங்ககிரி12வீல்

வேலை முடிஞ்சுதுங்க. கிளாம்ப், கேஸ்கட், ஃபில்டர், புது யூரியா, லேபர் எல்லாம் சேர்த்து எஸ்டிமேட்ல கால்வாசி கூட வரலை. 4364 இன்ஆக்டிவ், பிக்கப் பழையபடி. டோசர் அளவும் மேனுவலோட ஒத்துப் போச்சு, சொட்டலை.

#21 வயரிங்காரன்

நல்லது தம்பி. அந்த பச்சை பின்னைத் துடைச்சதோட விடாம கப்ளர் சீல் ரப்பரையும் மாத்துங்க, இல்லைன்னா ஐப்பசி மழைக்கு 3226 திரும்ப வரும். 3.4 லட்சம் ஓடின சென்சார், பின்னாடி இருக்கறதுக்கு மட்டும் ஒண்ணோட காசை ஒதுக்கி வைங்க. மாத்தறப்ப 50 நியூட்டன் மீட்டர் டார்க், புது சென்சார் திரேடுல ஏற்கெனவே தடவின பேஸ்ட்டைத் துடைச்சிடாதீங்க.